துணியால் அமையும் படிப்பிடம்

வீட்டில் படிப்பதற்கென்று ஒரு தனி அறை எல்லா மாணவர்க்கும் வாய்ப்பதில்லை. சித்தூரிலும் திருப்பதியிலும் வாடகை வீடுகளில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு கூடமும் ஒரு சமையற்கட்டுமே உறைவிடம். பகலில் அக்கூடத்தில் விருந்தினர் அமர்வர். மாலையில் தொலைக்காட்சி ஒலிக்கும். இரவில் அங்கேயே பாய் விரிக்கப்படும். நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் போன்ற நெசவூர்களில் தறி வைத்திருக்கும் வீடுகளிலோ, தறிக்கு இடம் விட்ட பிறகே மனிதர்க்கு இடம். பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இத்தகைய வீட்டில் நாள்தோறும் புத்தகங்களைச் சுமந்துகொண்டு மூலை மூலையாக இடம் தேடுகிறது. தேடும் நேரமும், அடுக்கியதைக் கலைத்து மீண்டும் அடுக்கும் நேரமும் படிப்பிலிருந்து கழிகின்றன.

புதிய மேசையும் நாற்காலியும் வாங்கினால் இக்குறை தீரும் என்று பெற்றோர் எண்ணுவர். மேசை வந்த பின்னும் அதன்மேல் காய்கறிக் கூடையும் துவைத்த துணியும் வந்து அமர்வதைப் பல வீடுகளில் காணலாம். உண்மையில் வேண்டுவது ஓர் எல்லை. ‘இவ்வளவு இடம் படிப்புக்கு உரியது’ என்று வீட்டாரும் பிள்ளையும் அறியும்படி அவ்வெல்லை வகுக்கப்பட வேண்டும். சுவர் எழுப்ப இயலாத வீட்டில் அதனை வகுக்கத் துணி உதவும். பழைய வேட்டி, புடவை, கைலி, துப்பட்டி ஆகியவையும், தேவையாயின் சில முழக் காடாத்துணியும் இதற்குப் போதும்.

துணி வகுத்த இடங்கள்

துணியைக் கட்டி இடம் உண்டாக்குவது இந்நிலத்துக்குப் புதிதன்று. பிறந்த குழந்தைக்கு முதல் தனியிடம் தாயின் பழம்புடவையில் கட்டிய தூளியே. புதிய புடவை விறைப்பாக இருக்கும். பலமுறை துவைத்த புடவையே குழந்தையின் உடலுக்கு இதமாகப் பொருந்தும். ஆந்திரத் திருமணங்களில் மணமக்களுக்கு நடுவே ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பர். உரிய நேரம் வரும்வரை ஒருவரை ஒருவர் காணாமல் அத்துணி காக்கும். கோயில் கருவறையின் முன் திரை இழுக்கப்பட்டால் உள்ளே அலங்காரம் நடைபெறுகிறது என்பதை வெளியில் நிற்போர் அறிவர். யாரும் சொல்லாமலே திரைக்கு இப்பால் காத்து நிற்பர்.

தமிழ்நாட்டில் தேர்த் திருவிழாவின்போது தேரைச் சுற்றி உருளை வடிவில் தொங்கும் துணிகளுக்குத் ‘தொம்பை’ என்று பெயர். தொம்பை, தோரணம், விதானம் ஆகியவற்றை ஓவியத்துணிகளாகச் செய்யும் மரபு காவிரிப் பகுதியில் இன்றும் உண்டு. கருப்பூர்க் கலம்காரி என்னும் அக்கலை 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. மரத்தேரும் மூங்கிற்பந்தலும் துணி கட்டப்பட்ட பின்னரே விழாக்கோலம் கொள்கின்றன.

இரு மொழிகள் வழங்கும் இவ்வட்டாரத்தில் துணி பற்றிய சொற்களும் உறவுடையன. தமிழில் ‘திரை’ எனப்படுவது தெலுங்கில் ‘தெர’ என வழங்குகிறது. தெலுங்கர் புடவையைச் ‘சீர’ என்பர். தமிழிலக்கியங்களில் ‘சீரை’ என்னும் சொல் ஆடையையும் மரவுரியையும் குறித்து வரும். ‘துணி’ என்னும் சொல்லே ‘துணித்தல்’, அதாவது வெட்டுதல், என்னும் வினையோடு தொடர்புடையது. தறியிலிருந்து அறுத்தெடுக்கப்படுவதால் ‘அறுவை’ என்பதும் துணிக்குப் பழைய பெயர். சங்கப் புலவருள் ஒருவர் துணி வணிகர் என்பதால் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என அழைக்கப்பட்டார்.

திருக்காளத்தி காட்டும் வழி

எளிய துணியைக் கொண்டு ஓர் இடத்தை எவ்வாறு சிறப்பிக்கலாம் என்பதற்கு அருகிலேயே சான்று உள்ளது. தமிழர் திருக்காளத்தி என்று அழைக்கும் ஸ்ரீகாளஹஸ்தி, சுவர்ணமுகி ஆற்றங்கரையில் அமைந்த ஊர். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானபோது அதனுள் அடங்கியது. அங்குக் கையால் எழுதப்படும் ஓவியத்துணியே கலம்காரி. ‘கலம்’ என்பது பாரசீக மொழியில் எழுதுகோலைக் குறிக்கும்; ‘காரி’ என்பது வேலையைக் குறிக்கும்.

கலம்காரிக்கு அடிப்படை பட்டன்று. வெளுக்காத பருத்தித் துணியாகிய காடாவே. முதலில் காடாவை நன்கு அலசி அதிலுள்ள கஞ்சியைப் போக்குவர். பின்னர்க் கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த கலவையில் தோய்த்து வெயிலில் உலர்த்துவர். பாலிலுள்ள கொழுப்பு மை பரவிக் கசியாமல் தடுக்கும். புளியங்குச்சியைச் சுட்ட கரியால் துணிமேல் உருவங்களை வரைவர். மூங்கிற்குச்சியின் முனையைச் சீவி, அதன்மேல் கம்பளியோ துணியோ சுற்றி, நூலால் கட்டினால் ‘கலம்’ ஆயிற்று. சுற்றிய பகுதி மையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விரலால் மெல்ல அழுத்தினால் மை முனைக்கு இறங்கும்.

கறுப்பு மைக்கு இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் இட்டுப் பல நாள் புளிக்க வைப்பர். அம்மை துணியில் படும்போது வெளிறித் தோன்றி, கடுக்காயின் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கறுக்கும். சிவப்பு வேண்டும் இடங்களில் படிகார நீரால் எழுதிவிட்டுத் துணியைச் சாய வேர், பட்டை முதலியவை கொதிக்கும் நீரில் இடுவர். படிகாரம் பட்ட இடத்தில் மட்டுமே சிவப்பு நிலைக்கும். மஞ்சளைக் கடுக்காய்ப் பூவும் நீலத்தை அவுரியும் தரும். ஒவ்வொரு நிறத்துக்குப் பின்னும் ஓடும் நீரில் துணியை அலச வேண்டும். ஆற்றில் நீர் குறையும் காலங்களில் கலைஞர்க்கு இதுவே பெருந்துன்பம்.

இத்துணிகள் தொடக்கத்தில் உடுத்துவதற்காக எழுதப்பட்டவை அல்ல, கோயில்களில் தொங்கவிடப்பட்டவை. நடுவில் ஒரு பெரிய காட்சியும், அதனைச் சூழ வரிசை வரிசையாகச் சிறு கட்டங்களில் இராமாயண, பாரத நிகழ்ச்சிகளும் அமைந்திருக்கும். தெலுங்கு எழுத்தில் குறிப்புகளும் இருக்கும். துணியைத் தொங்கவிட்டால் வெறுஞ்சுவர் கதை சொல்லும் இடமாகும். விழா முடிந்ததும் சுருட்டி வைத்துவிடலாம். 19ஆம் நூற்றாண்டில் காளத்தியில் எழுதப்பட்ட இத்தகைய துணி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆதரவு குறைந்து நலிந்திருந்த இக்கலை, கமலாதேவி சட்டோபாத்யாயா போன்றோர் முயற்சியால் 1950களில் புத்துயிர் பெற்றது. பயிற்சி நிலையமும் அவ்வூரில் தொடங்கப்பட்டது. காளத்திக் கலைஞர் ஜே. குரப்ப செட்டி 2008ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார்.

சிறிய வீட்டில் படிப்பிடம் அமைப்போர்க்கு இக்கலையிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. துணியின் விலையைவிட அதன்மேல் செலுத்தும் உழைப்பே அதற்குச் சிறப்பைத் தருகிறது என்பது ஒன்று. சுவரைச் சிதைக்காமல் தொங்கவிடவும் கழற்றவும் இயலும் என்பது மற்றொன்று. ஆணி அடிக்க உரிமையாளர் இசையாத வாடகை வீட்டில் இரண்டாவது செய்தி மிகவும் பயன்படும்.

துணி தேர்தலும் பதப்படுத்தலும்

முதலில் வீட்டிலுள்ள பழந்துணிகளை வகைப்படுத்த வேண்டும். மெல்லிய பருத்தி வேட்டி சன்னல் திரைக்கு ஏற்றது. ஒளியை முழுதும் மறைக்காமல் அதன் கூர்மையைத் தணிக்கும். கனமான துப்பட்டி இடையே தொங்கும் மறைப்புக்கும் இருக்கை விரிப்புக்கும் ஏற்றது. கட்டம் போட்ட கைலி கறையை எளிதில் காட்டாது. பழைய காக்கிச் சீருடைத் துணி உறுதியானது. பைகள் தைக்க உதவும். செயற்கை இழைத் துணிகளை மேசைமேல் விரிக்காதிருத்தல் நன்று. அவற்றின்மேல் தாளும் நோட்டும் வழுக்கும்.

வெட்டுவதற்கு முன் வீட்டுப் பெரியோரிடம் கேட்டல் வேண்டும். கிழிந்த புடவையாயினும் அது பாட்டியின் கூறைப்புடவையாக இருக்கலாம். அத்தகைய துணியை வெட்டாமல் மடித்து, ஓட்டுத்தையல் போட்டுப் பயன்படுத்தலாம். ஓட்டுத்தையலைப் பிரித்துவிட்டால் புடவை பழைய நிலைக்கே மீளும்.

புதிதாகக் காடா வாங்கினால் அதனை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, துவைத்து, உலர்த்திய பின்னரே அளந்து வெட்ட வேண்டும். காடா முதல் துவைப்பில் சுருங்கும். சுருங்குவதற்கு முன் தைத்த திரை துவைத்தபின் சன்னலுக்கு எட்டாமற்போகும். நிறத்துணியாயின், நனைத்த வெள்ளைத்துணியால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தால் சாயம் போகுமா என்பது விளங்கும். சாயம் போகும் துணி நோட்டுகளையும் கறைப்படுத்தும். பருத்தித் துணியின் விளிம்பில் சிறிது வெட்டிக் கையால் கிழித்தால் அது நூலின் போக்கிலேயே நேராகக் கிழியும். கத்தரிக்கோலால் வெட்டுவதைவிட ஓரம் நேராக அமையும்.

ஒளிக்கு ஒரு திரை

படிப்பிடம் தேர்வதில் ஒளியே முதன்மையானது. வலக்கையால் எழுதுவோர்க்குச் சன்னல் இடப்பக்கம் அமைய வேண்டும். இடக்கையால் எழுதுவோர்க்கு வலப்பக்கம் அமைய வேண்டும். அப்போது எழுதும் கையின் நிழல் தாளில் விழாது. மேற்குச் சன்னலாயின் மாலை வெயில் கண்ணைக் கூசச்செய்யும். கோடையில் வெப்பம் கடுமையாகும் இவ்வட்டாரத்தில் அவ்வெயிலைத் தணிக்காமல் அங்கே அமர இயலாது.

திரைக்கு வேண்டும் துணியை எளிய கணக்கால் அறியலாம். திரை கொசுவங்களோடு அழகாகத் தொங்குவதற்குத் துணியின் அகலம் சன்னலின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு முதல் இருமடங்கு வரை இருக்க வேண்டும். சன்னல் 3 அடி அகலமாயின் 4½ அடி முதல் 6 அடி வரை துணி வேண்டும். நான்கு முழ வேட்டியின் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர், அதாவது ஏறக்குறைய 6½ அடி. எனவே ஒரு வேட்டி ஒரு சன்னலுக்குப் போதும். வேட்டியின் நீளம் சன்னலின் குறுக்கே அமையட்டும். அதன் அகலமாகிய ஏறத்தாழ 4 அடி திரையின் உயரமாகும். அவ்வாறு தொங்கவிட்டால் வேட்டியின் கரை திரையின் அடியில் அழகிய ஓரமாக அமையும். அங்கே மடித்துத் தைக்கும் வேலையும் மிச்சமாகும். மேல் ஓரத்தை மட்டும் கயிறு நுழையும்படி மடித்துத் தைத்து, கயிற்றின் இரு முனைகளையும் சன்னல் கம்பிகளில் கட்டிவிடலாம்.

கூடத்தைப் பிரிக்கும் மறைப்பு

படிப்பு மூலையைக் கூடத்திலிருந்து பிரிக்க ஒரு புடவை போதும். ஐந்தரை மீட்டர்ப் புடவையை நீளவாட்டில் மூன்று சம பாகங்களாகப் பகுத்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 அடி உயரமுள்ளதாகும். மூன்றையும் கரையோடு கரை சேர்த்துத் தைத்தால் ஏறத்தாழ 11 அடி அகலமுள்ள மறைப்பு கிடைக்கும். அது 6 அடி இடைவெளியை நல்ல கொசுவங்களோடு மறைக்கும். மூன்று பாகங்களும் சேரும் இடங்களில் புடவைக் கரைகள் செங்குத்துக் கோடுகளாக நின்று அழகு தரும். கயிறு கட்ட இடமில்லாத வீட்டில், துணி உலர்த்தும் மடக்குத் தாங்கியின்மேல் ஒரு துப்பட்டியை விரித்து நிறுத்தினாலும் மறைப்பு ஆயிற்று.

இம்மறைப்பு ஓசையை நிறுத்திவிடும் என்று எதிர்பார்த்தல் கூடாது. கனத்த துணி அறையின் எதிரொலியைச் சிறிது குறைக்கும். தொலைக்காட்சியின் ஒலியைத் தடுக்காது. ஆயினும் அசையும் காட்சிகளிலிருந்து கண்ணை அது காக்கும். திரை இழுக்கப்பட்டிருக்கும் நேரத்தில் ஒலியைக் குறைப்பது வீட்டாரின் கடமை என்பதையும் நினைவூட்டும். கோயில் திரைக்கு மதிப்புத் தரும் வீட்டார் படிப்புத் திரைக்கும் மதிப்புத் தருவர்.

அழகு ஓரத்தில் அமைக

வேட்டியின் உடற்பகுதி வெறுமையாக இருக்கும். அணி முழுதும் கரையில் இருக்கும். படிப்பிடத்தை அழகுபடுத்தவும் இதுவே நல்ல நெறி. புத்தகம் விரியும் இடமும் கண்ணுக்கு எதிரான சுவரும் ஒற்றை நிறத்தில் அமைய வேண்டும். பூவும் கட்டமும் வண்ணமும் ஓரங்களில் நிற்க வேண்டும். எதிர்ச்சுவரில் வெளிர் நிறத்துணி தொங்கினால் அறையின் ஒளி மிகும். அடர்ந்த நிறத்துணி ஒளியை விழுங்கிவிடும்.

மேசை இல்லாத வீட்டில் டிரங்குப் பெட்டியோ, தரையில் அமர்ந்து எழுத உதவும் கணக்குப்பிள்ளை மேசையோ போதும். அதன்மேல் காடாவை விரிக்கலாம். கடுக்காய்த் தூள் கலந்த நீரில் நனைத்து உலர்த்திய காடா வெளிர் மஞ்சள் நிறம் பெறும். அழுக்கையும் உடனே காட்டாது. உயர்ந்த மேசையாயின், மூட்டிய கைலியின் தையலைப் பிரித்து முன்பக்கம் தொங்கவிடலாம். மேசைக்கு அடியில் அடுக்கிய பழைய நோட்டுகளும் பெட்டிகளும் அதனால் மறையும்.

தேவையற்ற அட்டைப்பெட்டி ஒன்றை விரித்து, அதன்மேல் துணியை இழுத்துப் பின்புறம் ஒட்டினால் குறிப்புப் பலகையாகும். கால அட்டவணையையும் வாய்பாடுகளையும் அதில் ஊசியால் குத்தி வைக்கலாம். 2 அடி நீளமும் 1½ அடி அகலமும் உள்ள காக்கித் துணியில் வரிசையாகப் பைகள் தைத்துத் தொங்கவிட்டால் பேனா, அளவுகோல், வடிவியல் பெட்டி ஆகியவற்றுக்கு இடம் கிடைக்கும். வெட்டியபின் எஞ்சும் துண்டுகளை ஒரு பழைய தலையணை உறையில் திணித்துத் தைத்தால் அமர்வதற்கு மெத்தையாகும். இவ்வாறு செய்தால் வீணாகும் துணி மிகக் குறைவு.

வாங்கும்போது அறிய வேண்டுவது

கலம்காரி ஓவியம் ஒன்று தம் படிப்பிடத்தில் இருக்க வேண்டும் என்று சிலர் விரும்பக்கூடும். ‘கலம்காரி’ என்னும் பெயரில் கடைகளில் மலிவாக விற்பவற்றுள் பல இயந்திர அச்சுத் துணிகள். அவற்றில் ஒரே உருவம் சிறிதும் மாறாமல் அளவுபிசகாது திரும்பத் திரும்ப வரும். கையால் எழுதிய துணியில் கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடும். ஒரு மயிலைப்போல் மற்றொரு மயில் இராது. மச்சிலிப்பட்டினம், பெடனா ஆகிய ஊர்களில் மரக்கட்டைகளால் அச்சிடும் கலம்காரியும் கைவினையே. எனினும் அது காளத்திக் கலையினின்றும் வேறானது.

அச்சுத் துணியை வாங்குவது குற்றமன்று. ஆனால் அதனைக் கைவேலை என்று நம்பி வாங்குவோர் மிகுந்தால், பல நாள் உழைத்து ஒரு துணியை முடிக்கும் கலைஞர்க்கு உரிய விலை கிடைக்காமற்போகும். சிறு முதலில் படிப்பிடம் அமைப்போர் பெரிய போலித் துணி ஒன்றை வாங்குவதைவிட, கையால் எழுதிய ஒரு சிறு துண்டை வாங்கிக் குறிப்புப் பலகையின் மேல் ஓரத்தில் வைக்கலாம். அதற்கும் பணமில்லையெனில் பிள்ளையே காடாவில் வரையலாம். பணம் குறைவாக உள்ளபோது முதலில் நல்ல விளக்கு வாங்குக; அழகு பின்னர் வரட்டும்.

காப்பு நெறிகள்

துணி எளிதில் தீப்பற்றும். செயற்கை இழைத் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே அடுப்பு, குத்துவிளக்கு, கொசுவர்த்திச் சுருள், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றின் அருகே துணியைத் தொங்கவிடுதல் கூடாது. மின் பொத்தான் பலகையைத் துணியால் மறைத்தலும் கூடாது. மடிக்கணினியை மெத்தைமேல் வைத்தால் அதன் காற்றுத் துளைகள் அடைபட்டுச் சூடேறும். அதனை அட்டை அல்லது பலகைமேல் வைக்க வேண்டும். மின்விசிறி சுழலும் வட்டத்துக்குள் திரை பறந்து செல்லாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். திரையில் தூசி படியும். ஆகையால் திங்கள்தோறும் ஒருமுறையேனும் துவைத்து வெயிலில் உலர்த்துதல் நலம். கழற்றவும் மாட்டவும் எளிதாக அமைந்த திரையே அடிக்கடி துவைக்கப்படும்.

இவ்வாறு அமைந்த படிப்பிடத்துக்கு ஆகும் செலவு பெரும்பாலும் கயிறும் ஊசியும் நூலுமே. இரவில் பாய் விரிக்கும் நேரத்தில் திரை ஓரமாக ஒதுக்கப்படும். விடியலில் மீண்டும் இழுக்கப்படும். வீடு முன்போலவே சிறியதாக இருக்கும். ஆயினும் நேற்று விட்ட பக்கத்தை இன்று தேட வேண்டியதில்லை. புத்தகம் வைத்த இடத்திலேயே இருக்கும். தேர்வு முடிந்தபின் தையலைப் பிரித்தால் வேட்டி வேட்டியாகும். புடவையின் ஒரு பாகம் அடுத்த குழந்தைக்குத் தூளியாகும்.

சிந்தித்து விடையளிக்க

1. சிறிய வீட்டில் மேசையைவிட எல்லையே முதன்மையானது என்று கட்டுரை கூறுவது ஏன்?
2. கலம்காரியில் எருமைப்பாலும் படிகாரமும் ஆற்றும் பணிகளைத் தனித்தனியே எழுதுக.
3. 4 அடி அகலமுள்ள சன்னலுக்கு ஒரு நான்கு முழ வேட்டி திரையாகப் போதுமா? கணக்கிட்டு விளக்குக.
4. ‘அழகு ஓரத்தில் அமைக’ என்னும் நெறியை வேட்டியோடு ஒப்பிட்டு விளக்குக.
5. கையால் எழுதிய கலம்காரியையும் அச்சுத் துணியையும் எவ்வாறு வேறுபடுத்தி அறியலாம்?
6. செயல்திட்டம்: வீட்டுப் பெரியோரிடம் கேட்டுப் பழைய துணி ஒன்றைப் பெறுக. அதன் நீள அகலங்களை அளந்து, அதனைக்கொண்டு படிப்பிடத்துக்கு ஒரு பொருள் செய்க. செய்த முறையைப் பத்து வரிகளில் எழுதுக.